வியாழக்கிழமை கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு யார் போவது?

குழு: கொட்டாஞ்சேனை வீட்டார்

வசந்தி, 6:41
செல்வி வியாழன் காலை சென்னையிலிருந்து வருகிறாள். அப்பாவின் அந்தியேட்டிக் கிரியை வெள்ளி. கட்டுநாயக்கவுக்கு யார் போவது?

குமார், 6:44
வான் கராஜில்.

சாந்தி, 6:44
புதன் பின்னேரம் தருவார்களாம். பார்ப்போம்.

கபிலன், 6:46
நான் போகிறேன் அம்மா. ஒரு மணித்தியாலம் முந்தியே போவோம்.

வசந்தி, 6:47
டியூஷன்?

கபிலன், 6:47
அம்மப்பாவின் கொப்பியில் கடைசிப் பக்கம் பாதியில் நிற்கிறது.

இரத்தினம், 6:58
சின்னவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். 1979 இல் எயார் லங்கா தொடங்கியதிலிருந்து அப்பா பார்த்த விமானங்களின் நம்பர் எல்லாம் அந்தக் கொப்பியில் இருக்கிறது. முதலில் வெள்ளை உடம்பில் சிவப்புப் பட்டை. 1998 இல் எமிரேட்ஸ் பங்கு வாங்கியது, பிறகு பெயர் ஸ்ரீலங்கன் ஆனது, பட்டையும் போனது. வாலில் இருக்கும் மயில் இராவணனின் தண்டு மொனர என்ற பறக்கும் மயில் ஊர்தியை நினைத்து வரைந்தது. அப்பா அதைக் கலர் பென்சிலால் கீறி வைத்திருக்கிறார். அழகான கை.

சாந்தி, 6:59
அண்ணா, பிளைட் எத்தனை மணிக்கு?

கமலா அத்தை (யாழ்ப்பாணம்), 7:03
கீரிமலையில் வைத்திருந்தால் செல்வி பலாலியிலேயே இறங்கியிருப்பாள். அண்ணாவுக்கும் அதுதான் விருப்பம்.

குமார், 7:04
அத்தை, அது பேசி முடிந்த விஷயம்.

கமலா அத்தை, 7:04
யார் பேசினது?

இரத்தினம், 7:06
அத்தை, சென்னையிலிருந்து பலாலிக்கு வருவது ஏடிஆர் 72. வெளியே விசிறி சுழலும் எஞ்சின். ஜெட் இல்லை.

வசந்தி, 7:06
அண்ணா, இப்போது அது வேண்டாம்.

கபிலன், 7:09
மாமா, சித்தி வருவது எயார்பஸ் ஏ320ஆ ஏ321ஆ? எப்படிப் பிரிப்பது?

இரத்தினம், 7:17
கதவைப் பார். ஏ320 இல் இறக்கைக்கு மேலே பக்கத்துக்கு இரண்டு சின்ன அவசர வாசல் இருக்கும். நம்மூர் ஏ321 இல் அவை இல்லை, இறக்கைக்கு முன்னும் பின்னும் முழுக் கதவு. நீளமும் கிட்டத்தட்ட 7 மீட்டர் கூட. புது எஞ்சின் போட்ட நியோவா என்று பார்க்க இறக்கை நுனியை நம்பாதே, பழைய ஏ320 சிலவற்றிலும் நுனி மேலே வளைந்திருக்கும். எஞ்சின் வாயைப் பார். ஸ்ரீலங்கன் நியோவின் லீப் எஞ்சினில் விசிறி 78 அங்குலம், பழைய சிஎஃப்எம் 56 இல் 68 தான். இப்போது சோழகம், தென்மேற்குக் காற்று. காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், அதனால் வாவிப் பக்கமாக வராது, வடகிழக்கிலிருந்து வரும். வேலிக்குக் கிட்டப் போகாதே, ஆமிக்காரர் கேள்வி கேட்பார்கள்.

சாந்தி, 7:18
நேரம்???

செல்வி, 7:31
இப்போதுதான் பார்த்தேன். 10:20. ஸ்ரீலங்கன் இல்லை, இண்டிகோ. மலிவு. போன முறை மாதிரி என்னை இரண்டு மணித்தியாலம் நிற்க வைக்காதீர்கள்.

வசந்தி, 7:32
போன முறை குமார் வருவதாகச் சொன்னது.

குமார், 7:32
நான் சொல்லவில்லை.

கபிலன், 7:33
இண்டிகோ என்றால் கருநீல வால், வெள்ளைப் புள்ளியால் விமானம். இந்திய நம்பர், விடி என்று தொடங்கும். நம்மூர் 4ஆர் இல்லையே, எழுதலாமா மாமா?

இரத்தினம், 7:35
எழுதலாம். வெளிநாட்டு விமானங்களை அப்பா கொப்பியின் பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வந்தார். அங்கே இடம் இருக்கிறது, நேற்றுப் பார்த்தேன்.

கமலா அத்தை, 7:36
அந்தக் கொப்பி இப்போது யாரிடம்?

வசந்தி, 7:40
வான் வராவிட்டால்?

கபிலன், 7:40
187 பஸ்.

செல்வி, 7:41
இரண்டு பெட்டியோடா?

சாந்தி, 7:43
கராஜுக்குப் போன் பண்ணுகிறேன்.