பேலன்ஸ் இருக்கு, கால் மட்டும் போகல: ப்ரீபெய்டு ரீசார்ஜில் நாம் பட்டவை

திருநெல்வேலியிலிருந்து

நூறு ரூபாய்க்கு டாப்-அப் போட்டால் 81 ரூபாய் 75 காசுதான் ஏறும். எங்கள் அம்மாவுக்கு இது தெரியாது. "ஏட்டி, கடைக்காரன் பதினெட்டு ரூவா எடுத்துட்டான்"னு ரொம்ப வருத்தப்பட்டார்கள். பல வருஷமாக அதே கடையில் போடுகிறவர்கள். அந்த மனுஷன் மேல் சந்தேகம் வந்ததுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நூறு ரூபாய்க்குள்ளேயே 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது, அது 15 ரூபாய் 25 காசு. அதற்கு மேல் கம்பெனி பிடிக்கும் செயலாக்கக் கட்டணம் 3 ரூபாய். இரண்டும் போக மிச்சம்தான் டாக்டைம். பத்து ரூபாய் போட்டால் கட்டணம் ஒரு ரூபாய், வரியும் போக ஏறுவது 7 ரூபாய் 47 காசு. கடைக்காரர் தனக்கென்று ஒரு காசும் எடுக்கவில்லை என்று தெரிந்ததும் அம்மா முகம் தெளிந்தது.

ஆனால் அடுத்த சிக்கல் உடனே வந்தது. போனில் 81 ரூபாய் இருக்கிறது, அக்காவுக்குப் போட்டால் கால் போகவில்லை. ஒரு குரல் ரீசார்ஜ் செய்யச் சொல்கிறது. "காசு உள்ள கெடக்கும்போது எதுக்குத் திரும்பக் காசு?" நியாயமான கேள்விதான். பழைய காலத்தில் காசு இருந்தால் பேசலாம், காசு தீர்ந்தாலும் யாராவது கூப்பிட்டால் எடுக்கலாம். இன்கமிங் இலவசமானது 2003இல். 'லைஃப்டைம்' என்று ஒருமுறை போட்டுவிட்டு மிஸ்டு கால் கொடுத்தே காலம் தள்ளிய குடும்பங்கள் எத்தனையோ. 2018 கடைசியில் மாதாமாதம் குறைந்தபட்ச ரீசார்ஜ் என்ற முறை வந்த பிறகு அந்த வழி அடைபட்டுவிட்டது.

அம்மாவுக்கு நான் சொன்ன விளக்கம்: பேக் என்பது பஸ் பாஸ், மெயின் பேலன்ஸ் என்பது சுருக்குப் பையில் இருக்கும் சில்லறை. பாஸ் தேதி முடிந்தால் முதலில் பாஸைப் புதுப்பிக்க வேண்டும், சில்லறை எவ்வளவு இருந்தாலும். அதுவரை புரிந்தது. அதன் பிறகு அவர்கள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. "நான் நெட்டே பாக்கல. இந்தப் பட்டன் போன்ல எங்க நெட்டு? அதுக்கும் சேத்துதான குடுக்கேன்?"

இதே மாதிரி உங்கள் வீட்டில் நடந்ததை எழுதுங்கள். குறிப்பாகப் பெரியவர்கள் போனுக்கு என்ன போடுகிறீர்கள் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்.

கும்பகோணத்திலிருந்து, ரீசார்ஜ் கடை

உங்கள் அம்மா கேட்டதை என் கடையில் தினமும் யாராவது கேட்கிறார்கள், அக்கா. அதற்கு இப்போது வழி இருக்கிறது. 2024 டிசம்பரில் டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், ஒரு திருத்தம் கொண்டுவந்தது. நெட் இல்லாமல், கால் எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது எல்லா கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று விதி. 2025 ஜனவரி முதல் 84 நாளுக்கு, ஒரு வருஷத்துக்கு என்று அப்படிப் பேக்குகள் வந்தன. பட்டன் போன் வைத்திருப்பவர்கள், வீட்டில் வைஃபை உள்ள பெரியவர்கள் இவர்களுக்கெல்லாம் நான் அதைத்தான் சொல்கிறேன். விளம்பரத்தில் பெரிதாக வராது. கடைக்காரரிடம் வாய்விட்டு, "நெட் வேண்டாம், பேசுவதற்கு மட்டும்" என்று கேட்க வேண்டும்.

கார்டு சுரண்டிப் போட்ட நாளில் கணக்குப் புரிவது சுலபமாக இருந்தது. 2012 விதிப்படி டாப்-அப் கார்டில் பச்சைப் பட்டை, பிளான் கார்டில் சிவப்பு, சிறப்புச் சலுகைக் கார்டில் மஞ்சள், டாப்-அப்பும் சலுகையும் கலந்து பிறகு வந்த காம்போவில் நீலம். எழுத்துத் தெரியாத பாட்டிகூட "பச்சை குடு தம்பி" என்று கேட்டு வாங்கிப் போகும். இப்போது எல்லாமே என் போனில் ஒரு எண், ஒரு தொகை, அவ்வளவுதான். காகிதமே இல்லாதபோது நிறம் எதற்கு என்று அந்த விதியையும் அதே டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். காரணம் சரிதான். ஆனாலும் அந்தப் பாட்டிக்கு நிறத்துக்குப் பதிலாக ஒன்றும் கிடைக்கவில்லை என்பது எனக்கு உறுத்தல்.

நிறைய பேர் தடுமாறும் இடம் நெட் பூஸ்டர், அதாவது நெட் தீர்ந்தால் மேற்கொண்டு போடும் சின்ன பேக். ஒரு கொத்தனார் அண்ணன், ஊர் ஊராக வேலைக்குப் போகிறவர். "நெட் தீர்ந்துபோச்சு, சின்னதா ஒண்ணு போட்டு விடு" என்பார். நானும் போடுவேன். ஒரு நாள் கோபமாக வந்தார்: "முந்தாநாள்தான் காசு போட்டேன், மேஸ்திரி கூப்பிட்டாரு, கால் வரல." பல பூஸ்டருக்குத் தனி வேலிடிட்டி கிடையாது. மெயின் பேக் எப்போது முடிகிறதோ அப்போது அதுவும் முடியும். சில பூஸ்டர் ஒரு நாளுக்கு, சிலது ஒரு மணி நேரத்துக்குத்தான். அவருடைய மெயின் பேக் பூஸ்டர் போட்ட அன்றைக்கே ராத்திரி முடிந்திருந்தது. அவருக்கு ஒரு நாள் கூலி போனது. அதற்குப் பிறகு பூஸ்டர் கேட்டு யார் வந்தாலும், முதலில் மெயின் பேக் எந்தத் தேதியில் முடிகிறது என்று பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

இன்னொன்று 28 நாள் விவகாரம். மாசம் ஒரு தடவை என்று நினைத்துப் போடுகிறவர் வருஷத்துக்கு 13 தடவை போடுகிறார். காசு ஒரு பக்கம் இருக்கட்டும், தேதி நகர்ந்துகொண்டே போகிறதே, அதுதான் பென்ஷன்காரர்களுக்குத் தொல்லை. பென்ஷன் மாசத் தொடக்கத்தில் வரும். வேலிடிட்டி ஒரு மாசம் 22ஆம் தேதி முடியும், அடுத்த மாசம் 19, 20 என்று முன்னால் வரும். கையில் காசு தீர்ந்த நேரமாகப் பார்த்துப் போன் நின்றுபோகும். 2022 ஜனவரியில் டிராய் போட்ட உத்தரவுப்படி 30 நாள் பேக் ஒன்றும், மாதாமாதம் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பேக் ஒன்றும் எல்லா கம்பெனியிலும் இருக்க வேண்டும். கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. தயவுசெய்து கேளுங்கள்.

கோவையிலிருந்து, கல்லூரி மாணவர்

ஹாஸ்டலில் எல்லோருக்கும் ராத்திரி 12 மணி முக்கியமான நேரம். தினமும் ஒன்றரை ஜிபி என்றால் நள்ளிரவுக்குப் புதுக் கணக்குத் தொடங்கும். பெரும்பாலான பேக்குகளில் மிச்சம் வைத்தது மறுநாளுக்கு வராது. தீர்ந்த பிறகும் நெட் நிற்காது, 64 கேபிபிஎஸ் வேகத்துக்கு இறங்கும். இது எவ்வளவு என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். இதில் உள்ள முதல் 'பி' பிட், பைட் இல்லை. எட்டால் வகுத்தால் வினாடிக்கு 8 கேபி. 2 எம்பி அளவுள்ள ஒரு போட்டோ இறங்கவே நாலு நிமிடத்துக்கு மேல். எழுத்தாக அனுப்பும் செய்தி போய்விடும், டீக்கடையில் ஸ்கேன் பண்ணிக் காசு அனுப்புவதும் கொஞ்சம் காத்திருந்தால் நடக்கும். வீடியோ நடக்காது.

மொத்தமாக 2 ஜிபி மாதிரி தரும் பேக்குகள் வேறு. அவற்றில் சிலதில் அளவு தீர்ந்ததும் வேகம் குறைவதற்குப் பதில் எம்பிக்கு இவ்வளவு என்று மெயின் பேலன்ஸில் கழியும். எந்த வகை என்று போடுவதற்கு முன்னால் பாருங்கள். ஆப்கள் தானாக அப்டேட் ஆவதை வைஃபையில் மட்டும் என்று மாற்றியதிலேயே என் அறை நண்பனுக்குப் பூஸ்டர் தேவைப்படாமல் போனது.

சேலத்திலிருந்து

தம்பி, எம்பி கணக்கு என்றதும் பழைய நாள் ஞாபகம் வந்தது. பட்டன் போனில் ஜிபிஆர்எஸ் வந்த காலத்தில் பேக் இல்லாமல் நெட் திறந்தால், 10 கேபிக்கு 10 பைசா என்று பிடித்த பிளான்கள் உண்டு. கேட்கச் சின்னத் தொகையாக இருக்கும். ஒரு எம்பிக்குப் பத்து ரூபாய் தாண்டிவிடும். நடுப் பட்டனில் கை பட்டாலே நெட் திறந்துகொள்ளும் போன்கள் வேறு. தீபாவளி வாழ்த்துக்கென்றே எஸ்எம்எஸ் பேக் போட்டு வைத்திருப்போம், அன்றைக்கு மட்டும் சலுகை செல்லாது என்று ஒவ்வொரு வாழ்த்துக்கும் காசு பிடிப்பார்கள். வருஷத்தில் அப்படி அதிகபட்சம் ஐந்து நாள்தான் வைக்கலாம் என்று விதி வந்தது. அந்த ஐந்தும் பண்டிகை நாளிலேயே விழுந்தது.

என் அப்பாவுக்கு நடந்தது காலர் டியூன். யாருக்கோ போன் போட்டபோது பாட்டு வந்தது, "இந்தப் பாட்டை வைக்க" என்ற அறிவிப்பைக் கேட்டு ஏதோ பட்டனை அழுத்தியிருக்கிறார். மாதாமாதம் முப்பது ரூபாய் போய்க்கொண்டிருந்தது. அவர் வயலில் இருக்கும் மனிதர், பேலன்ஸ் மெசேஜ் ஆங்கிலத்தில் வந்தால் படிக்க மாட்டார். இந்த மாதிரிச் சேவைகளை நிறுத்த 155223 என்ற எண் எல்லா கம்பெனிக்கும் பொது, கட்டணம் இல்லை. நம் சம்மதத்தை இரண்டு தடவை வாங்கிய பிறகுதான் இப்படிச் சேவை தொடங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. போனில் நெட்டையே நிறுத்த வேண்டுமென்றால் 1925க்கு 'ஸ்டாப்' என்று ஆங்கிலத்தில் அனுப்பலாம். நெட் பழகாத பெரியவர்கள் போனில் இதைச் செய்து வைப்பது நல்லது.

மஸ்கட்டிலிருந்து

ஊர் எண்ணை நான் உயிரோடு வைத்திருப்பது வங்கி ஓடிபிக்காக. என்னோடு தங்கியிருப்பவர் ஓடிபி வந்துகொண்டுதானே இருக்கிறது, எண் பயன்பாட்டில் இருப்பதாகத்தான் அர்த்தம் என்று நம்பிக்கொண்டிருந்தார். விதி அப்படி இல்லை. கால் போக வேண்டும் அல்லது வர வேண்டும், எஸ்எம்எஸ் என்றால் நாம் அனுப்ப வேண்டும், அல்லது நெட் பயன்படுத்த வேண்டும். வருகிற எஸ்எம்எஸ் கணக்கில் சேராது. தொடர்ந்து 90 நாள் பயன்பாடு இல்லையென்றால் கம்பெனி எண்ணை எடுத்துக்கொள்ளலாம். மெயின் பேலன்ஸில் 20 ரூபாயாவது இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும். 2013இலிருந்து இருக்கும் விதி. அதனால் பேக்கோடு கூடவே ஒரு நூறு ரூபாய் டாப்-அப் போட்டு வைக்கிறேன். டாப்-அப் வீண் என்று நினைக்க வேண்டாம்.

எண் போனால் போகட்டும், புதிது வாங்கலாம் என்கிறவர்களுக்கு ஒன்று. அந்த எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும். அதற்குள் வங்கி, ஆதார், கேஸ் புக்கிங் எல்லாவற்றிலும் எண்ணை மாற்றியாக வேண்டும். தொலைவில் இருந்துகொண்டு ஆதாரில் எண் மாற்ற முடியாமல் தவித்தவர்களை இங்கே பார்த்திருக்கிறேன். மனசு கஷ்டமாகிவிடும்.

திருநெல்வேலியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. கும்பகோணம் அண்ணன் சொன்ன நெட் இல்லாத 84 நாள் பேக்கை அம்மாவுக்குப் போடலாம் என்று இருக்கிறேன். இரண்டு சந்தேகம். இப்போதுள்ள பேக்கில் இன்னும் சில நாள் மிச்சம் இருக்கிறது, இன்றே போட்டால் அது வீணாகுமா? அப்புறம், ஓர் ஆஸ்பத்திரிக்கு 1860 என்று தொடங்கும் எண்ணில் அம்மா பேசினார்கள், அன்லிமிடெட் பேக் இருந்தும் மெயின் பேலன்ஸில் கழிந்துவிட்டது. அது ஏன்?

கும்பகோணத்திலிருந்து, ரீசார்ஜ் கடை

1800 என்று தொடங்குவதுதான் கட்டணமில்லாத எண். 1860க்கு நாம்தான் காசு கொடுக்க வேண்டும், பல அன்லிமிடெட் பேக்குகளில் அது சேராது. ஆஸ்பத்திரியின் சாதாரண லேண்ட்லைன் எண்ணைக் கேட்டு அம்மா போனில் பதிந்து வையுங்கள், அக்கா. பேக் விஷயம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சிலவற்றில் புதுப் பேக் வரிசையில் நின்று பழையது முடிந்த பிறகு தொடங்கும், சிலவற்றில் அன்றே தொடங்கிவிடும். போடுவதற்கு முன் ஆப்பில் பாருங்கள், இல்லையென்றால் மிச்ச நாள் முடிகிற அன்றைக்குக் காலையில் போடுங்கள். போட்டதும் வரும் மெசேஜில் உள்ள முடியும் தேதியை அம்மா பார்க்கிற தினசரிக் காலண்டரில் பேனாவால் குறித்துவிடுங்கள். என் கடைக்கு வரும் பெரியவர்களுக்கு நான் ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன்: முடியும் தேதி, அடுத்து போட வேண்டிய தொகை, நெட் உண்டா இல்லையா.