கிணத்துமேட்டுத் தோட்டம் – எல்லோரும்

கலா: [படம்]

கலா: [படம்]

கலா: இன்று காலையில் எடுத்தது. நீச்சலுக்கு மாற்றிய தொட்டியில் படிக்கட்டுப் பக்கம் நீலக் கண்ணாடி மொசைக் டைல்ஸ் மறுபடியும் ஒரு தாள் அளவுக்குப் பெயர்ந்து கிடக்கிறது. உள்ளே இறங்கிய பண்ணையத்துப் பையனின் கால் கிழிந்துவிட்டது. காதுகுத்துக்கு இத்தனை பிள்ளைகள் வரப்போகிறார்கள், என்ன செய்யலாம்?

சரோஜா: ஐயோ

நித்யா: அம்மா, அந்தப் பையனுக்கு டிடி ஊசி போட்டீர்களா?

கலா: போட்டாச்சு கண்ணு

கோகுல்: அந்த நீலக் கட்டம் முதலிலேயே கோணல்தான்

செல்வராஜ்: தெரிந்தால் அப்போதே சொல்ல வேண்டியதுதானே

கோகுல்: சொன்னேன் அப்பா. தண்ணீர் விட்டால் தெரியாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள்.

செல்வராஜ்: கொத்தனாரிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து ஒட்டித் தருகிறாராம். அதற்குள் தண்ணீரை இறைத்து வைக்கச் சொல்கிறார். பாக்கியை அன்றைக்கே கேட்கிறார். இன்று ராத்திரி மோட்டார் போட்டு இறைத்துவிடுகிறேன், தண்ணீர் தென்னைக்குப் போகட்டும்.

சிவசாமி: செல்வராஜ், இறைக்காதே. விவரமாக எழுதுகிறேன், இரு.

சரோஜா: அண்ணன் எழுத ஆரம்பித்தாச்சு

பிரவீன்: அப்பா, சுருக்கமாக

மயில்சாமி: தென்னை என்றதும் ஞாபகம் வந்தது. வடக்கு மூலையில் வாடல் நோய் வந்த மரங்களை வெட்டியாச்சா மச்சான்?

செல்வராஜ்: பாதி வெட்டினோம். ஆள் கிடைக்கவில்லை.

மயில்சாமி: அதை விடாதீங்க. எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் அசட்டையாக இருந்து வரிசையாகப் போய்விட்டது.

சிவசாமி: பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்காலில் நம் மண்டலத்துக்கு இப்போது தண்ணீர் ஓடுகிறது. வாய்க்கால் ஓடினால் நம் கிணறு எப்படி ஏறும் என்று உனக்கே தெரியும். அப்பா கட்டிய தொட்டி தரைக்கு மேலே நின்றது. நீச்சலுக்கு என்று அடியைத் தோண்டியதில் இப்போது பாதி மண்ணுக்குள் இருக்கிறது. வெளியே மண்ணில் ஊறும் தண்ணீர் சுவரையும் தரையையும் தள்ளிக்கொண்டே இருக்கும். உள்ளே நிற்கும் தண்ணீர்தான் அதற்கு எதிர் எடை. 24 அடிக்கு 12 அடி, 4 அடித் தண்ணீர் என்றால் 1152 கன அடி. ஏறக்குறைய 32,600 லிட்டர், 32 டன்னுக்கு மேல். அவ்வளவையும் ஒரே ராத்திரியில் எடுத்தால் தரை மேலே எழும்பி வெடித்துவிடலாம். டைல்ஸ் போனால் மாற்றலாம். தரை போனால் தொட்டியே போச்சு. வாய்க்கால் அடைத்து, கிணற்று மட்டம் இறங்கிய பிறகு இறைத்துக்கொள்ளலாம்.

சிவசாமி: இன்னொன்று. குளோரின் போட்ட தண்ணீரை அப்படியே தென்னைக்கு விடாதே. மருந்து போடாமல் சில நாள் வெயிலில் விட்டால் குளோரின் போய்விடும்.

செல்வராஜ்: சரிங்க அண்ணா. அப்போது காதுகுத்துக்குத் தொட்டி இல்லையா?

நித்யா: சென்னையிலிருந்து வரும் பிள்ளைகள் நீச்சல் உடை எல்லாம் வாங்கிவிட்டார்கள் அப்பா 😢

சரோஜா: அப்பா கட்டின கல்தொட்டி அப்படியே இருந்திருந்தால் இந்த வம்பே இல்லை. பம்புசெட்டுத் தண்ணீர் விழும், குளிப்போம், ஏறி வருவோம். யார் கால் கிழிந்தது?

செல்வராஜ்: அக்கா, தொட்டியில் பாசி வழுக்குகிறது, பிள்ளைகளை இறக்க மாட்டேன் என்று சொன்னது நீங்கள்

சரோஜா: பாசியைத் தேய்க்கச் சொன்னேன். நீலக் கண்ணாடி ஒட்டச் சொல்லவில்லை.

மயில்சாமி: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

கோகுல்: மாமா, நான் படித்துவிட்டேன்

மயில்சாமி: ஆளைக் காட்டியது நான்தான். ரேட் பேசியது நான் இல்லை. அவர் வீட்டுக்குள் டைல்ஸ் போடுகிறவர் என்று அன்றைக்கே சொன்னேன்.

செல்வராஜ்: நீச்சல்குளம் போட்டிருக்கிறார் என்றீங்க மச்சான்

மயில்சாமி: பார்த்திருக்கிறார் என்றேன்

சிவசாமி: அதை நேரில் பேசிக்கொள்ளலாம் மாப்பிள்ளை. ஏன் பெயர்கிறது என்பதைச் சொல்கிறேன், அது தெரியாமல் மறுபடி ஒட்டுவதில் பிரயோஜனம் இல்லை. கண்ணாடி மொசைக் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. நம் பழைய சுவர் டைல்ஸ் உறிஞ்சும், அதனால் சிமெண்ட் பால் தடவி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். கண்ணாடிக்கு அது பற்றாது, டைல்ஸ் ஒட்டும் பசைதான் வேண்டும். அந்தப் பசையையும் பல் வைத்த கரண்டியால் சுவர் முழுக்க இழுத்து, மொசைக் கட்டங்கள் ஒட்டிய தாளை இடைவெளி இல்லாமல் அழுத்த வேண்டும். கலா அனுப்பிய இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர்ந்த இடத்தில் சாந்து நடுவில் மட்டும் உருண்டையாக இருக்கிறது, ஓரமெல்லாம் வெற்றிடம். தண்ணீர் அந்தப் பொள்ளலுக்குள் புகுந்து நிற்கிறது. கீழே வெள்ளையாக வழிந்திருக்கிறதே, சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு கரைந்து வெளியே வருகிறது. அதாவது டைல்ஸுக்குப் பின்னால் தண்ணீர் போய் வந்துகொண்டிருக்கிறது.

பிரவீன்: வாட்டர்ப்ரூஃபிங் போட்டாரா சித்தப்பா? அதற்குத் தனியாகப் பணம் அனுப்பினேன்.

செல்வராஜ்: போட்டதாகத்தான் சொன்னார்

பிரவீன்: பார்த்தீர்களா?

செல்வராஜ்: பிரவீன், பணம் அனுப்பியவர்கள் எல்லாம் வெளியூரில் இருக்கிறீர்கள். தோட்டம், மாடு, ஆஸ்பத்திரி, ஆத்தா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நான் கொத்தனார் பின்னாலும் நின்றேன்.

பிரவீன்: தப்பாகக் கேட்கவில்லை சித்தப்பா

கலா: ஆத்தா கேட்கிறார், யாருக்கு ஆஸ்பத்திரி என்று. கண் பரிசோதனைதான், யாரும் பயப்பட வேண்டாம்.

சரோஜா: ஆத்தாவிடம் போனைக் கொடு கலா, நான் கூப்பிடுகிறேன்

சிவசாமி: பூசிய பிறகு, டைல்ஸ் ஒட்டும் முன், தொட்டியில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரமாவது மட்டம் குறைகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். அந்தச் சோதனை நடந்ததா என்று மட்டும் அவரிடம் கேள். நடக்கவில்லை என்றால் வாட்டர்ப்ரூஃபிங் பேச்சை நம்ப வேண்டாம்.

கோகுல்: நடக்கவில்லை பெரியப்பா. பூச்சு காய்ந்ததும் மொசைக் வந்துவிட்டது.

கலா: கடைசி நாளில் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவினார்கள் மாமா. நெடி தாங்க முடியவில்லை.

சிவசாமி: அதுதான்! கட்டங்களுக்கு நடுவில் அடைத்தது வெறும் சிமெண்ட். ஆசிட் அதைத் தின்றுவிடும். ஓரம் கத்தி மாதிரி வெளியே நிற்பது அதனால்தான், பையன் காலைக் கிழித்ததும் அதுதான். அந்த இடத்தில் எபாக்ஸி என்ற பிசின் கலவையை அடைத்திருந்தால் ஆசிடுக்கும் குளோரினுக்கும் தாங்கியிருக்கும்.

நித்யா: பெரியப்பா, ஒரு பக்கம் தண்ணீர் வழிகிறது, எதிர்ப்பக்கம் வழிவதே இல்லை. அதுவும் இதனாலா?

சிவசாமி: அது மட்டம் பார்க்காத வேலை. தண்ணீர் நிரப்பிய டியூபால் மட்டம் பிடித்திருந்தால் நாலு மூலையும் ஒன்றாக வந்திருக்கும். தண்ணீர் நிறைந்தால் மேல்வரிசை டைல்ஸில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று ஒவ்வொரு மூலையிலும் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். தண்ணீர் மட்டத்தை எந்தக் கொத்தனாரும் மறுக்க முடியாது.

சரோஜா: காதுகுத்துக்குக் கிடாய் உண்டா இல்லையா? ஆத்தா கோவிலில் சைவம்தான் என்கிறார்.

மயில்சாமி: கோவிலில் சைவம். தோட்டத்தில் கிடாய்.

கலா: இதை யார் முடிவு செய்தது?

மயில்சாமி: மாமன் மடியில் உட்கார்த்தும் கோகுலைக் கேளுங்கள்

கோகுல்: எனக்கு லீவே இன்னும் உறுதியாகவில்லை

நித்யா: டேய்

சிவசாமி: செல்வராஜ், பாக்கியைக் கொடுக்கும் முன் இதைச் செய். தண்ணீருக்கு மேலே தெரியும் வரிசையை ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போ. கெட்டியாகக் கேட்டால் பிடித்திருக்கிறது. பொள்ளலாகக் கேட்டால் சாக்பீஸால் வட்டம் போடு. கோகுல் வீடியோ எடுக்கட்டும், தேதியோடு. அதைக் கொத்தனாருக்கு அனுப்பி, வட்டம் போட்ட இடம் எல்லாம் பெயர்த்துத் திரும்ப ஒட்ட வேண்டும், பசை மூட்டையைப் பிரிக்கும்போது நாம் பக்கத்தில் இருப்போம் என்று எழுத்தில் கேள். சத்தம் போட வேண்டாம். கையில் பாக்கி இருக்கும் வரைதான் நம் பேச்சுக்கு மரியாதை.

செல்வராஜ்: முக்கால்வாசி பொள்ளலாக இருந்தால்?

சிவசாமி: அப்படியானால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முழுக்க எடுத்து, பூச்சையும் பார்த்து, திரும்ப ஆரம்பிக்க வேண்டும். மனசு கஷ்டமாகத்தான் இருக்கும். அப்பா கல் சுமந்து கட்டிய சுவர் அது, உள்ளே ஊறி ஊறி வீணாகப் போவதை விட இது மேல்.

பிரவீன்: மறுபடி செலவு என்றால் எல்லோரும் பங்கு போடலாம். தொட்டி பொதுவில்தானே எழுதியிருக்கிறது?

சரோஜா: கிணறு பொது. தொட்டி யார் பாகம் என்று அண்ணனைக் கேளுங்கள்.

சிவசாமி: பத்திரம் பார்த்துச் சொல்கிறேன்

செல்வராஜ்: அதை இப்போது எடுக்க வேண்டாம் அக்கா

மயில்சாமி: கொத்தனாரிடம் நானே பேசுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லவா?

செல்வராஜ்: வரட்டும். தட்டிக் காட்டலாம்.

சிவசாமி: வரட்டும், ஆனால் தண்ணீர் இறைக்கக் கூடாது

பிரவீன்: அப்போது பிள்ளைகள்?

கலா: தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி வலை போட்டுவிடுகிறேன். குளியல் பம்புசெட்டுக் குழாயில். நித்யா, நீச்சல் உடையோடு வரட்டும், பரவாயில்லை.

நித்யா: சரிம்மா 👍

கோகுல்: ஆழியாறு கூட்டிப் போகலாமா?

கலா: ஆழம் தெரியாத இடத்துக்கு யாரும் போக வேண்டாம்

சரோஜா: அந்தப் பெரிய அண்டா யார் வீட்டில் இருக்கிறது?

மயில்சாமி: செல்வராஜ் வீட்டில்

செல்வராஜ்: அண்ணன் வீட்டில்

கலா: சமையல்காரருக்கு நாளைக்குள் ஆள் கணக்குச் சொல்ல வேண்டும். கிடாயா சைவமா என்றும் கேட்கிறார்.