2021 ப்ளஸ் டூ செட்: விட்டுப்போன ஃபேர்வெல்லை இப்போது வைக்கலாமா?

மருதாணிக்கை:
டெல்டா பக்கம் ஒரு அரசு மகளிர் பள்ளியில் 2021ல் ப்ளஸ் டூ முடித்தவள் நான். பயாலஜி குரூப். எங்களுக்கு ஃபேர்வெல் இல்லை, குரூப் போட்டோ இல்லை, பொதுத்தேர்வுகூட இல்லை. வருகிற பொங்கலுக்கு எல்லாரும் ஊருக்கு வருவார்கள், அப்போது பள்ளியிலேயே ஒரு சாயங்காலம் கூடலாமா என்று யோசிக்கிறோம். ஹெச்எம்மிடம் எப்படிக் கேட்பது? யாரையெல்லாம் கூப்பிடுவது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

எங்கள் கதை இதுதான். கொரோனாவில் பாடமெல்லாம் கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸப்புமாக ஓடி, பள்ளி திறந்ததே ஜனவரி 19 அன்றுதான். ஏப்ரலில் பிராக்டிகல். கூட்டம் கூடக் கூடாதென்று பேட்ச் பேட்சாக வரச் சொன்னார்கள். நான் காலை பேட்ச், என் பெஞ்ச்காரி மதியம். கெமிஸ்ட்ரி முடிந்ததும், “அடுத்த பேட்ச் வருது, நிக்காதீங்க, கெளம்புங்க” என்று விரட்டினார்கள். பரீட்சை ஹாலில் பார்த்துக்கொள்ளலாம் என்று சைக்கிளை எடுத்துவிட்டேன்.

ஜூன் 5 அன்று தேர்வு ரத்து என்று டிவியில் ஓடியது. வகுப்பு வாட்ஸப் குரூப்பில் ஒரே ஆட்டம் பாட்டம். பத்தாம் வகுப்பு மார்க்கிலிருந்து 50, பதினொன்றிலிருந்து 20, பிராக்டிகல், இன்டர்னலுக்கு 30 என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தி கேட்டாள்: “அப்போ இனிமே ஸ்கூலுக்கே போக வேணாமாடி?” அதற்கு யாரும் பதில் போடவில்லை.

காலேஜ் போனவர்களுக்கு அங்கே ஒரு ஃபேர்வெல் கிடைத்துவிட்டது. ஆனால் எங்கள் வகுப்பில் ஒருத்திக்கு அந்த ஆகஸ்டிலேயே கல்யாணம், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். போட்டோ எடுக்கணும் என்று விடாமல் கேட்பது அவள்தான்.

தயிர்வடை:
கோபித்துக்கொள்ள வேண்டாம். 1994ல் எங்களுக்கு எந்த ஃபேர்வெல்லும் கிடையாது. கடைசிப் பரீட்சை முடிந்ததும் சட்டையில் இங்க் அடித்துக்கொண்டு படத்துக்குப் போனோம், அவ்வளவுதான். இப்போது எல்கேஜி பிள்ளைக்கே கறுப்பு அங்கி, தொப்பி மாட்டிப் பட்டமளிப்பு விழா நடத்தி, அதற்கும் ஒரு ஃபீஸ் வாங்குகிறார்கள். பார்க்கணும் என்றால் ஏதாவது ஹோட்டலில் பார்த்துக்கொள்ளுங்களேன்.

மருதாணிக்கை:
அண்ணே, நாங்கள் அங்கியும் தொப்பியும் கேட்கவில்லை. நீங்கள் அடித்தீர்களே அந்த இங்க், அதுதான் கேட்கிறோம்.

கடைசிபெஞ்ச்2020:
நான் உங்களுக்கு ஒரு வருஷம் சீனியர். மார்ச் 24 கெமிஸ்ட்ரி எழுதினேன். அன்று சாயங்காலம் ஆறு மணியிலிருந்து 144. பஸ் ஓடுமா ஓடாதா என்ற பயத்திலேயே பாதிப் பேப்பர் போனது. வெளியே வந்தால் கேட்டில் போலீஸ், கூட்டம் போடாதே என்று விரட்டல். பேனா மூடியைத் திறந்தவனை அப்பாவே பைக்கில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அன்று வர முடியாதவர்களுக்கு ஜூலை 27ல் மறுதேர்வு வைத்தார்கள். ரிசல்ட் 16ஆம் தேதியே வந்துவிட்டது! நாங்களும் மூன்று வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். பாதிப் பேர் போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். வகுப்பறையிலேயே வையுங்கள், அந்த டெஸ்க்கில் உட்கார்ந்தால் பேச்சு தானாக வரும்.

ஓய்வுபெற்ற_விலங்கியல்:
முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன் சொல்கிறேன் அம்மா. பொங்கல் விடுமுறையில் பள்ளி பூட்டிக் கிடக்கும், ஆசிரியர்களும் ஊருக்குப் போயிருப்பார்கள். விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளில் சமத்துவப் பொங்கல் வைப்பார்கள், அன்று மதியத்துக்கு மேல் கேளுங்கள். மனுவில் “முன்னாள் மாணவியர் சந்திப்பு” என்று எழுதுங்கள். நோக்கம், நேரம், எத்தனை பேர், பொறுப்பு யார், எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர் வைத்து சினிமாப் பாட்டு போட மாட்டோம் என்பதையும் சேர்த்தால் ஹெச்எம் பாதி சம்மதித்த மாதிரி. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவியிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வெறுங்கையோடு போகாமல் லேபுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள், மைக்ரோஸ்கோப் பல்பு எந்தப் பள்ளியிலும் எரிவதில்லை.

மாறுதலாகிப் போன ஆசிரியர்களை இப்போதே கூப்பிடுங்கள். போட்டோவில் நடு நாற்காலிக்கு அன்றைய ஹெச்எம்மா இன்றைய ஹெச்எம்மா என்று தகராறு வரும். இரண்டு நாற்காலி போட்டுவிடுங்கள்.

மருதாணிக்கை:
ரொம்ப நன்றி சார். திங்கட்கிழமை மனுவோடு போகிறோம். கடைசி வேலைநாள் என்றால் திருப்பூர்க்காரிக்கு லீவு கிடைக்குமா தெரியவில்லை, அவளிடம் கேட்டுத்தான் தேதியே வைக்க வேண்டும். இதற்குள் குரூப்பில் வேறொரு சண்டை: கைக்குழந்தைகளைப் போட்டோவில் சேர்ப்பதா வேண்டாமா என்று. மூன்று பேர் சேர்க்கக் கூடாது என்கிறார்கள், மூவருக்கும் குழந்தை இருக்கிறது.