மறு: 'சூழல் புத்தாக்கம்' என்ற ஒரே சொல் போதுமா?

> எக்கோ இன்னொவேஷன் (சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கும் புதுமை) என்பதற்குச் 'சூழல் புத்தாக்கம்' என்று வைத்துவிடலாமா? அது நிறுவனத்தின் லாபத்தைக் கூட்டுமா, குறைக்குமா என்ற கட்டுரைக்குத் தேவைப்படுகிறது.

வணக்கம் ஐயா,

பொதுச்சொல்லாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் லாபத்தைப் பற்றிய கட்டுரை என்பதால் அதன்கீழ் இரண்டு சொற்களாவது வேண்டும். ஒன்று வரவுப் பக்கம் நிற்பது, மற்றது செலவுப் பக்கம்.

முதலாவது, கழிவு உருவாகும் முன்பே குறைப்பது. திருப்பூர்ச் சாயப்பட்டறையையே எடுத்துக்கொள்வோம். வின்ச் என்ற பழைய சாயமேற்றும் இயந்திரத்தை எடுத்துவிட்டு, குறைந்த தண்ணீரில் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷின் போடுகிறார்கள். 100 கிலோ துணிக்கு 1,000 லிட்டர் பிடித்த இடத்தில் 600 லிட்டர் போதும் என்று வையுங்கள். சாயம் துணியில் ஏறுவதற்கான உப்பைத் தண்ணீரின் அளவுக்குத்தான் போடுவார்கள். லிட்டருக்கு 60 கிராம் என்றால், 60 கிலோ உப்பு 36 கிலோவாகிவிடும். சூடாக்க விறகும் குறைவு, வெளியேறும் உப்புநீரும் குறைவு. ஆற்றுக்கும் நல்லது, முதலாளிக்கும் மிச்சம்.

மற்றது, கழிவு வந்தபின் சுத்தம் செய்வது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நிலையை எட்ட, கழிவுநீரை வடிகட்டி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. வேண்டும், அப்புறம் மிஞ்சும் உப்புநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டர் வேண்டும். நீராவியும் மின்சாரமும் தின்று தீர்க்கும். இதனால் துணிக்குத் தரம் ஏதும் கூடுவதில்லை. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றுக்கு இது கட்டாயம் தேவை, அதில் மறுபேச்சே இல்லை. ஆனாலும் செலவு செலவுதான்.

நன்கு வகுத்த கடுமையான சுற்றுச்சூழல் சட்டம் புத்தாக்கத்தைத் தூண்டும், போட்டித்திறனையும் கூட்டும் என்று ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1991-இல் வாதிட்டார். அதைச் சோதிக்கும்போது இந்த இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விடை குழம்பிவிடும்.

என் பரிந்துரை: கழிவுதவிர் நுட்பம், கழிவுநீக்கு நுட்பம். இரண்டாவதற்கு ஆங்கிலத்தின் 'எண்ட் ஆஃப் பைப்' என்பதை அப்படியே பெயர்த்த 'குழாய்முனை நுட்பம்' வேண்டாம். அது தெருக்குழாயைத்தான் நினைவூட்டுகிறது.

---

> கழிவுதவிர் நுட்பம், கழிவுநீக்கு நுட்பம்

நன்றி தம்பி. 'தவிர்' உடனே பிடித்துவிட்டது. 'நீக்கு'தான் இடிக்கிறது. ஆர்.ஓ.வில் கிடைக்கும் தண்ணீர் மறுபடி சாயமேற்றத்துக்கே போகிறது. உப்புக்கரைசலையும் பிரித்தெடுத்துத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் தண்ணீரும் உப்பும் அந்த அளவுக்கு மிச்சம். செலவில் ஒரு பங்கு திரும்பி வருவதை 'நீக்கு' என்ற சொல் காட்டவில்லையே. கடைசியில் எதற்கும் உதவாமல் மூட்டை கட்டி வைக்கும் கலப்பு உப்புக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

இடையில் 'கழிவுமீட்பு நுட்பம்' என்று மூன்றாவதாக ஒன்று வைப்போமா? சரி என்றால் கட்டுரையின் அட்டவணையையும் மூன்றாகவே பிரித்துவிடுகிறேன்.