லேப்டாப் நெட்டை போனுக்கு குடுத்தா சார்ஜ் நிக்கவே மாட்டேங்குது

அரைத்தூக்கம்:
லேப்டாப்புக்கு லேன் ஒயர்ல நெட் வருது, விண்டோஸ் 11, மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு போனுக்கும் டேப்லெட்டுக்கும் குடுக்குறேன். மூடிய சாத்துனா நெட் கட். திறந்தே வெச்சா சார்ஜ் சரசரன்னு இறங்குது. சரின்னு ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே பவர் சேவிங்னு ஒண்ணு இருந்துச்சு, அத ஆன் பண்ணேன், இப்ப போன கீழ வெச்சுட்டு கொஞ்ச நேரம் கழிச்சு எடுத்தா ஹாட்ஸ்பாட்டே காணோம், மறுபடி எழுந்து போய் ஆன் பண்ணணும். பிளக் பாயின்ட் வேற தள்ளி இருக்கு. என்னதான் பண்றது?

ஒயர்மேன்:
அந்த சுவிட்ச் பேர்தான் பவர் சேவிங், அது பண்றது ஒரே வேலை. யாருமே கனெக்ட் ஆகலன்னா அஞ்சு நிமிஷத்துல ஹாட்ஸ்பாட்ட அணைச்சிடும். போன் லாக் ஆனா சில மாடல் வைஃபைய தானா விட்டுடும், லேப்டாப் பாவம் ஆள் போயிட்டான்னு நினைச்சுக்கும். அத ஆஃப் பண்ணுங்க.

மிச்சம் பிடிக்க வேண்டியது ஸ்கிரீன்ல. ஸ்லீப் வேற, ஸ்கிரீன் அணையுறது வேற, இத நிறைய பேர் குழப்பிக்கறாங்க. ஸ்லீப்புக்கு போனா நெட்டும் போச்சு. பவர் செட்டிங்ல ஸ்கிரீன் 1 நிமிஷத்துல அணையட்டும்னு வைங்க, ஸ்லீப்ப நெவர்னு வைங்க. கன்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷன்ஸ்ல மூடிய சாத்துனா என்ன பண்ணணும்னு கேக்கும், டூ நத்திங் குடுங்க.

பழைய சிப்பு:
இதெல்லாம் எதுக்கு, ஒரு ரவுட்டர் வாங்கி ஒயர அதுல சொருகுங்க, முடிஞ்சது.

ஒயர்மேன்:
வாங்கலாம், அவர் கேட்டது அது இல்லையே.

நள்ளிரவு நெட்:
வைஃபை சிப்பும் தூங்கலாமேன்னு தோணும், ஆனா ஹாட்ஸ்பாட் குடுக்குற பக்கம் தூங்கவே முடியாது, "நான் இங்க இருக்கேன்"னு ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட பத்து தடவ சிக்னல் அனுப்பிட்டே இருக்கணும், வாங்குற போன்தான் நடுநடுவுல கண்ண மூடிக்கலாம். அதனால அங்க பெருசா மிச்சம் பிடிக்க வழியில்ல. வெறும் மெசேஜ் மட்டும்னா ஹாட்ஸ்பாட் செட்டிங்ல ஷேர் ஓவர்ங்கற இடத்துல ப்ளூடூத்துக்கு மாத்துங்க, கரன்ட் கம்மியா தின்னும். ஆனா வேகம் 3 எம்பிபிஎஸ்-ஐ (Mbps) தாண்டாது, வீடியோ பாக்க நினைச்சா அழுகை வந்துடும்.

அரைத்தூக்கம்:
எல்லாம் பண்ணிட்டேன், சாத்துனா இப்பவும் கட் ஆகுதே! சார்ஜர் போட்டா மட்டும் ஓடுது, இது என்ன கூத்து.

ஒயர்மேன்:
அந்த மூடி செட்டிங்ல ரெண்டு வரிசை இருக்கும் பாருங்க, ஆன் பேட்டரி, பிளக்டு இன். ரெண்டாவதுல மட்டும் மாத்தியிருப்பீங்க. கீழ சேவ் சேஞ்சஸ அழுத்தவும் மறந்துடாதீங்க.

அரைத்தூக்கம்:
அதேதாங்க!! பேட்டரி வரிசைய பாக்கவே இல்ல. இப்ப மூடி சாத்தியிருக்கு, போன்ல இருந்துதான் இத டைப் பண்றேன். முன்னாடி மூணு மணி நேரத்துல படுத்துடும், இன்னிக்கு அஞ்சு மணி நேரம் ஆச்சு, இன்னும் 14 சதவீதம் இருக்கு.

நள்ளிரவு நெட்:
நல்லது. ஒண்ணு மட்டும், வெளிய கிளம்பும்போது ஸ்டார்ட் மெனுல போய் ஸ்லீப் குடுத்துட்டு பைல வைங்க. நான் பழக்க தோஷத்துல சும்மா சாத்திட்டு போட்டுட்டேன், ஒரு மணி நேரம் கழிச்சு பைக்குள்ள கைய விட்டா அடுப்ப தொட்ட மாதிரி இருந்துச்சு.