ஒரே கிட் ரெப்போவுக்குப் பல நகல்கள்: டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்துவது எப்படி?

கேள்வி:
வணக்கம். நான் வேலை செய்யும் கிட் ரெப்போ (கோடும் அதன் மாற்றங்களின் ஹிஸ்டரியும் உள்ள களஞ்சியம்) மொத்தம் 9 ஜிபி. அதில் ஹிஸ்டரி இருக்கும் டாட்-கிட் ஃபோல்டர் மட்டும் 7 ஜிபி. ஒரு பிராஞ்சில் (கோடின் தனிக் கிளை) பில்ட் ஓடும்போதே இன்னொன்றில் பிழை திருத்த வேண்டியிருப்பதால், ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து மூன்று நகல் வைத்திருக்கிறேன். டிஸ்க் நிரம்பிவிட்டது. கடைசிக் கமிட்டை மட்டும் எடுக்கும் டெப்த் 1 குளோன் எனக்கு உதவாது. முழு ஹிஸ்டரி தேவைப்படும் பிளேமும் (எந்த வரியை யார் மாற்றியது என்று பார்ப்பது) பைசெக்டும் (பிழை எந்தக் கமிட்டில் வந்தது என்று தேடுவது) தினமும் வேண்டும். வேறு வழி உண்டா?

பதில்:
பிராஞ்சுகளை அருகருகே திறந்து வைப்பதுதான் தேவை என்றால் நகலே எடுக்காதீர்கள். அதே ரெப்போவின் இன்னொரு பிராஞ்சை வேறு ஃபோல்டரில் திறக்க ‘கிட் வொர்க்ட்ரீ ஆட்’ கட்டளை இருக்கிறது. 2015-இல் வந்த கிட் 2.5 முதலே உண்டு. புது ஃபோல்டரில் டாட்-கிட் என்பது மூல ரெப்போவின் பாதையைச் சொல்லும் ஒற்றை வரி ஃபைல், அவ்வளவுதான். எனவே ஒவ்வொன்றுக்கும் 2 ஜிபி அளவில்தான் செலவாகும். ஓரிடத்தில் ஃபெட்ச் செய்தால் (புது மாற்றங்களை இழுத்தால்) எல்லாவற்றுக்கும் வந்துவிடும். ஒரே பிராஞ்சை இரண்டு வொர்க்ட்ரீயில் திறக்க மட்டும் விடாது.

கேட்டவர்:
இது போதும் போலிருக்கிறது, நன்றி. ஆனால் ஒரு நகலில் ஹிஸ்டரியையே மாற்றிச் சோதிக்கிறேன், மூலத்தைத் தொடக்கூடாது. அதற்கு ஷேர்டு குளோன் சரியா?

இன்னொருவர்:
ஷேர்டு வேண்டாம். அதில் ஆப்ஜெக்ட் (ஹிஸ்டரியின் தரவு) எதுவும் நகலாகாது. ஆல்டர்நேட்ஸ் ஃபைலில் மூலத்தின் பாதை மட்டும் இருக்கும். மூலத்தில் ஒரு பிராஞ்சை அழித்து, அப்புறம் என்றைக்காவது ஜிசி (கிட்டின் குப்பை நீக்கம்) அந்த ஆப்ஜெக்டுகளைத் துடைத்துவிட்டால் உங்கள் நகல் உடைந்துவிடும்.

சாதாரண குளோனே எடுங்கள், ஆனால் சர்வர் முகவரிக்குப் பதில் டிஸ்கில் உள்ள பாதையைக் கொடுங்கள். ஒரே ஃபைல் சிஸ்டமாக இருந்தால் கிட் ஹார்ட்லிங்க் (டிஸ்கில் உள்ள அதே தரவுக்கு இன்னொரு பெயர்) போட்டுக்கொள்ளும். ஆப்ஜெக்ட் ஃபைல்கள் எழுதியபின் மாறுவதில்லை. ஒரு பக்கம் அழித்தாலும் மறுபக்கம் இருக்கும். பாதைக்கு முன்னால் ‘ஃபைல்://’ போட்டுவிடாதீர்கள், போட்டால் முழு நகல்தான்.

இடம் மிச்சமானதா என்று அளவைக் காட்டும் டியூ கட்டளையில் பார்க்கும்போது இரண்டு டாட்-கிட் ஃபோல்டரையும் சேர்த்தே கொடுங்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டிலும் 7 ஜிபி காட்டும்.

நாளாக ஆக, ஏதாவது ஒன்றில் ரீபேக் (ஆப்ஜெக்டுகளைப் புது ஃபைலில் மறுபடி அடுக்குவது) நடந்தால் இந்தப் பகிர்வு அறுந்து இடம் கூடும். அப்போது அந்த நகலை அழித்துவிட்டு மறுபடி குளோன் செய்யுங்கள்.

அப்புறம், இப்போதுள்ள பழைய நகல்களை அழிக்கும் முன் சர்வருக்குப் புஷ் ஆகாத பிராஞ்சுகளை மூலத்துக்கு ஃபெட்ச் செய்துகொள்ளுங்கள். ஸ்டாஷில் இருப்பவை (கமிட் ஆக்காமல் ஒதுக்கி வைத்த மாற்றங்கள்) அதில் தானாக வராது. முதலில் அவற்றைக் கமிட் ஆக்கிவிடுங்கள்.