80 மி.மீ. தொலைநோக்கியில் சூரியக் குருணைகள் படத்தில் விழுமா?

வெயில்பிரியன்:

வணக்கம். என்னிடம் இருப்பது 80 மி.மீ. ரிஃப்ராக்டர், குவியத் தூரம் 600 மி.மீ. முகப்பில் ஓடி 5 (ஒளியை லட்சத்தில் ஒரு பங்காகக் குறைக்கும்) சோலார் ஃபிலிம், பின்னால் 4.3 மைக்ரான் பிக்சல் உள்ள ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர். சூரியப் புள்ளிகள் நன்றாகவே வருகின்றன. பெரிய புள்ளிகளில் கருத்த நடுப்பகுதியான அம்ப்ராவும் அதைச் சுற்றிய மங்கல் வளையமான பெனும்ப்ராவும் பிரிந்து தெரிகின்றன, ஓரத்தை ஒட்டி ஃபாக்குலா வெளிச்சத் திட்டுகளும் கிடைத்திருக்கின்றன. ஆனால் எனக்கு ஆசை கிரானுலேஷன், அதாவது சூரியப் பரப்பு கொதிப்பதால் தெரியும் குருணைகள் மேல்தான்.

நிறைய படங்களை அடுக்கி ஷார்ப்பனிங்கை ஏற்றினால் வட்டம் முழுக்கப் பொடிப்பொடியாக ஏதோ வருகிறது. ஒரு நண்பர் அதுதான் குருணை என்கிறார். இன்னொருவர் வெறும் நாய்ஸ் என்று சிரிக்கிறார். இதை எப்படி முடிவு செய்வது? நாய்ஸ்தான் என்றால் அடுத்து எதை வாங்கலாம், பெரிய தொலைநோக்கியா, ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியை மட்டும் காட்டும் ஹெச்-ஆல்ஃபா கருவியா?

பழைய_லென்ஸ்:

உங்கள் படத்தைப் பார்க்காமலே சொல்கிறேன், நாய்ஸ். கணக்கு போட்டாலே தெரிந்துவிடும்.

600 மி.மீ. குவியத் தூரத்தில் சூரியனின் பிம்பம் சுமார் 5.6 மி.மீ. தான். உங்கள் கேமராவில் அது ஏறக்குறைய 1,300 பிக்சல். சூரியனின் விட்டம் 13,92,000 கி.மீ.; ஆக ஒரு பிக்சலுக்கு ஆயிரத்துச் சொச்சம் கி.மீ. ஒரு குருணையின் அகலமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், பெரியது என்றால் 1,500 கி.மீ. குருணைகளுக்கு நடுவே ஓடும் கருத்த இடுக்குகள் அதைவிடக் குறுகல். முழுக் குருணையே ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிட்டால் அதன் ஓரமும் இடுக்கும் எங்கே பதியும்? போதாக்குறைக்குக் கலர் சென்சார் வேறு. ஷார்ப்பனிங் உங்களுக்குக் காட்டுவது சென்சாரின் பொடியைத்தான்.

அதற்காக 80 மி.மீ. உதவாது என்று அர்த்தமில்லை. பச்சை ஒளியில் அதன் பிரிதிறன் 1.7 ஆர்க் செகண்ட், சூரியனில் 1,200 கி.மீ. சொச்சம். எல்லைக்கோட்டில் நிற்கிறது. காற்று ஒத்துழைத்தால் பரப்பு முழுக்க மேடுபள்ளமான ஒரு தோற்றம் நிஜமாகவே கிடைக்கும். குருணைகள் தனித்தனியாக வேண்டும் என்றால் 100, 120 மி.மீ. போக வேண்டும். அது அப்புறம்.

முதலில் ஒரு 2எக்ஸ் பார்லோ, குவியத் தூரத்தை இரட்டிப்பாக்கும் லென்ஸ். பிக்சல் அளவை இரண்டால் பெருக்கி, ஒளியின் அலைநீளத்தால் வகுங்கள். 4.3 மைக்ரானுக்கும் 0.54 மைக்ரான் பச்சைக்கும் எஃப்/16 வரும், உங்கள் பிக்சலுக்குத் தேவையான குவிய விகிதம் (குவியத் தூரத்தை லென்ஸ் விட்டத்தால் வகுத்தது) அதுதான். உங்களுடையது எஃப்/7.5, பார்லோ போட்டால் எஃப்/15. பிம்பம் 11 மி.மீ. ஆகும், ஏபிஎஸ்-சி சென்சாரில் முழு வட்டமும் தாராளமாக அடங்கும். எடுத்த பிறகு பச்சை சேனலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 540 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை மட்டும் விடும் கன்டினுவம் ஃபில்டர் இருந்தால் இன்னும் நல்லது. அக்ரோமாட் லென்ஸ்களின் நிறப்பிழையும் அத்தோடு ஒழிந்தது.

பார்லோ போட்டதும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும், எக்ஸ்போஷரை நீட்டத் தோன்றும். நீட்டாதீர்கள். நீட்டினால் காற்றின் ஆட்டம் எல்லாவற்றையும் மெழுகிவிடும். படம் எடுக்க மட்டும் என்று விற்கும் ஓடி 3.8 ஃபிலிம் 16 மடங்கு கூடுதல் ஒளி விடும், அதைப் போட்டால் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாகவே எடுக்கலாம். ஆனால் அந்த ஃபிலிமோடு கண்ணை ஐபீஸிலும் வைக்கக்கூடாது, கேமராவின் வியூஃபைண்டரிலும் வைக்கக்கூடாது. லைவ் வியூ மட்டும். நான் வியூஃபைண்டர் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிடுவேன், பக்கத்தில் யாராவது ஆர்வக்கோளாறில் எட்டிப் பார்ப்பார்கள். ஃபைண்டர் தொலைநோக்கியைக் கழற்றியே வைத்துவிடுங்கள்.

இனி, நாய்ஸா நிஜமா என்ற சோதனை. குருணை ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 10 நிமிடம். ஒரே இடத்தை இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு வீடியோவாக எடுங்கள். இரண்டாவதை எடுக்கும் முன் கேமராவைக் கொஞ்சம் திருப்பிவிடுங்கள். தனித்தனியாக அடுக்கி, ஒரே அளவு ஷார்ப்பனிங் கொடுத்து, திருப்பிய கோணத்தைச் சரிசெய்து ஒன்றின் மேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் பாருங்கள். பொடிகள் அதே இடத்தில் இருந்தால் அது சூரியன். இடம் மாறிப்போனால் உங்கள் மென்பொருளின் கைவேலை. இந்தச் சோதனை செய்யாத கிரானுலேஷன் படம் எதையும், என் படம் உட்பட, நான் நம்புவதில்லை.

ஏரிக்கரை:

பெரியவர் சொன்னதில் சீயிங், அதாவது காற்றின் ஆட்டத்தால் படம் கலங்குவது பற்றி இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம். பகலில் தொல்லை மேலே இருக்கும் காற்றால் மட்டும் வருவதில்லை, பாதி தரையிலிருந்துதான் கிளம்புகிறது. கான்கிரீட் தளத்தில் ஸ்டாண்டை வைத்தால் வெந்நீர்ப் பானைக்கு மேலே பார்ப்பதுபோல்தான் இருக்கும். புல்தரை நல்லது, தண்ணீர்ப் பரப்பை ஒட்டிய இடம் அதைவிட நல்லது. அமெரிக்காவின் பிக் பேர் சூரிய ஆய்வகத்தை ஏரிக்குள் கட்டியதும், உதய்ப்பூர் சூரிய ஆய்வகத்தை ஃபதே சாகர் ஏரித் தீவில் கட்டியதும் இதற்காகத்தான்.

நேரமா? சூரியன் ஓரளவு மேலே ஏறியிருக்க வேண்டும், தரை இன்னும் சூடாகியிருக்கக்கூடாது. அந்த இடைவெளி சிறியது, அதற்கு முன்பே எல்லாவற்றையும் பூட்டித் தயாராக இருங்கள். குழாய் மேல் வெள்ளைத் துணி போடுங்கள். வெயிலில் குழாய் சூடாகச் சூடாக ஃபோகஸும் நகரும், ஒவ்வொரு வீடியோவுக்கு முன்னும் மறுபடி பாருங்கள். ஃபோகஸுக்குச் சூரியனின் ஓரம் வேண்டாம், பெனும்ப்ராவின் இழைகளைப் பிடியுங்கள்.

ஆல்ஃபா656:

ஹெச்-ஆல்ஃபா கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. குருணைதான் ஆசை என்றால் அது வேண்டாம். ஹெச்-ஆல்ஃபா காட்டுவது, குருணைகள் இருக்கும் ஒளிமண்டலத்துக்கு மேலே உள்ள குரோமோஸ்பியர் என்ற அடுக்கை. ப்ராமினென்ஸ் (ஓரத்தில் எழும் வாயுச் சுடர்), ஃபிலமென்ட் (அதே வட்டத்தின் மேல் கருத்த கோடாகத் தெரிவது), பிளாஜ் (வெளிச்சத் திட்டு) எல்லாம் வரும், கிரானுலேஷன் வராது. ஆனால் ஒன்று, ஃபிலமென்ட் லட்சம் கி.மீ. நீளத்துக்கும் போகும், அதனால் 40 மி.மீ. சோலார் ஸ்கோப்பில்கூடக் குறைவில்லாமல் பார்க்கலாம். சூரியப் புள்ளியே இல்லாத நாளிலும் ஏதாவது நடந்துகொண்டிருக்கும். நான் அதிலேயே விழுந்துவிட்டேன், திரும்பி வரவில்லை.

வாங்கினால் மோனோ கேமராவோடு வாங்குங்கள். சிவப்பு ஒளியில் கலர் சென்சாரின் நான்கில் ஒரு பங்கு பிக்சல்தான் வேலை செய்யும். ஒற்றை அலைநீளம் என்பதால் ஒளி அலைகள் குறுக்கிட்டு உண்டாகும் நியூட்டன் வளையங்கள் வரிவரியாக வந்து உயிரை எடுக்கும். கேமராவைச் சற்றே சாய்க்கும் டில்ட் அடாப்டர் போட்டால் போய்விடும்.

வெயில்பிரியன்:

எல்லோருக்கும் நன்றி. என்னிடம் இருக்கும் பழைய தொகுப்பில் அந்தச் சோதனையைச் செய்தேன். பொடிகள் ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை, சிரித்த நண்பர் ஜெயித்தார். பார்லோவோடு காலையில் எடுத்ததில், புள்ளிக் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு திட்டு மட்டும் இரண்டு வீடியோவிலும் அப்படியே ஒத்துப்போகிறது. மற்ற இடமெல்லாம் கலங்கல்.

இரண்டு சந்தேகம். ஒரு வீடியோ எவ்வளவு நீளம் இருக்கலாம்? அப்புறம், நெபுலா எடுக்க வைத்திருக்கும் 7 நானோமீட்டர் ஹெச்-ஆல்ஃபா ஃபில்டரைச் சோலார் ஃபிலிமுக்குப் பின்னால் போட்டால் ப்ராமினென்ஸ் வருமா?

ஆல்ஃபா656:

வராது. 7 நானோமீட்டர் என்பது 70 ஆங்ஸ்ட்ராம். ஹெச்-ஆல்ஃபா கருவிக்குள் இருக்கும் எடலான் என்ற மிகக் குறுகிய ஃபில்டரின் பட்டை 0.7 ஆங்ஸ்ட்ராம் அளவில் இருக்கும், நூறு மடங்கு வித்தியாசம். சிவப்பாக அதே ஒளிமண்டலம்தான் தெரியும். ஃபிலிம் இல்லாமல் அந்த ஃபில்டரை மட்டும் நம்பிச் சூரியன் பக்கம் திருப்பிவிடாதீர்கள், கண்ணும் போகும் கேமராவும் போகும்.

பழைய_லென்ஸ்:

அந்த ஒரு திட்டு நிஜம். சந்தோஷம். மற்ற இடம் கலங்கியது காற்றால், 80 மி.மீ.யால் அல்ல.

நீளத்தையும் கணக்கிலேயே பார்க்கலாம். குருணைகள் நொடிக்கு ஒரு கி.மீ., இரண்டு கி.மீ. என்றுதான் நகர்கின்றன. ஒரு நிமிடத்தில் 120 கி.மீ., உங்கள் பிரிதிறனில் அது ஒன்றுமில்லை. ஆனால் வடிவம் மாறிக்கொண்டே இருக்குமே, அதனால் நான் அரை நிமிடத்தோடு நிறுத்துவேன். ஹெச்-ஆல்ஃபாவில் ஸ்பிக்யூல் என்ற ஊசி போன்ற வாயுத் தாரை நொடிக்கு 25 கி.மீ. பாயும், அங்கே ஒரு நிமிடம் என்றால் 1,500 கி.மீ. ஓடிவிடும், இன்னும் கறாராக இருக்க வேண்டும்.

நீளத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். காற்று ஒரு கணம் அடங்கும், அந்த நேரம் ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். படங்களை அடுக்கும் ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் சிறந்த 10 சதவீத ஃப்ரேம்களை மட்டும் எடுங்கள். பிறகு ஐஎம்பிபிஜி மென்பொருளில் டீகன்வல்யூஷனை (மங்கலைக் கணக்கால் நீக்கும் ஷார்ப்பனிங்) மெதுவாக ஏற்றி, குருணைகள் புழுக்களாக நெளிய ஆரம்பித்தால் இரண்டு படி இறங்கிவிடுங்கள். அந்தத் திட்டை மட்டும் வெட்டி இங்கே போடுங்கள், இரண்டு வீடியோவிலிருந்தும்.